மிளகுத்தூள் ஏன் ஓடுகிறது

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. எட்டாம் வகுப்புக்குப் பரப்பு இழுவிசை, அதாவது தண்ணீரின் மேற்பரப்பு இழுத்துப் பிடித்த தோல்போல் நடந்துகொள்ளும் தன்மை, நடத்தும்போது, தண்ணீர்மேல் தூவிய மிளகுத்தூள் சோப்பு பட்டதும் விளிம்புக்கு ஓடும் சோதனை முதல் குழுவுக்கு மட்டும் சரியாக வந்து, மற்றவர்களுக்குத் தூள் அசையவே இல்லை என்று எழுதியிருந்தாய். தட்டை மாற்றாமல் செய்திருப்பார்கள். சோப்பு ஒருமுறை பரப்பு முழுக்கப் படர்ந்துவிட்டால், மறுபடி தொட்டாலும் தூள் நகராது. ஒவ்வொரு முறையும் தட்டை ஓடும் தண்ணீரில் நாலைந்து தடவை அலசி, புதுத் தண்ணீர் ஊற்ற வேண்டும். துணியால் துடைக்க விடாதே. துணியில் இருக்கும் எண்ணெய்ப் பிசுக்கே சோதனையைக் கெடுத்துவிடும். தண்ணீரில் விரலும் படக் கூடாது.

தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் ஆழம் போதும். தூளை ஒரு சிட்டிகைக்கு மேல் தூவினால் கட்டிகட்டியாகச் சேர்ந்து நின்றுவிடும். முதலில் வெறும் பல்குச்சியால் நடுவில் தொடச் சொல். எதுவும் நடக்காது என்பதைப் பார்த்த பிறகே, பாத்திரம் கழுவும் திரவத்தில் நுனியை நனைத்துத் தொட வேண்டும். சோப்புக்கட்டி வேண்டாம். உங்கள் போர் தண்ணீர் கடின நீர். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து வெள்ளைத் திரையாகப் படிந்துவிடும். வேலை செய்யச் சோப்பு மிஞ்சாது.

விளக்கத்தில்தான் எனக்கு அக்கறை அதிகம். 'சோப்பு மிளகைத் தள்ளுகிறது' என்று பிள்ளைகள் எழுதினால் விட்டுவிடாதே. சுத்தமான தண்ணீரின் பரப்பு இழுவிசை 25 டிகிரி செல்சியஸில் மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன். சோப்பு பட்ட இடத்தில் அது ஏறத்தாழ 30 ஆகிவிடுகிறது. சுற்றியுள்ள தண்ணீரின் இழுப்பு குறையாததால், பரப்பு விளிம்பை நோக்கி ஓடுகிறது; தூளும் கூடவே போகிறது. இதைக் கண்ணால் காட்ட ஒரு வழி உண்டு. 15 சென்டிமீட்டர் தையல் நூலில் மெழுகுவர்த்தியை லேசாகத் தேய்த்து, நுனிகளை முடிந்து தண்ணீரில் மிதக்க விடு. கோணல்மாணலாகக் கிடக்கும் அந்த நூலுக்கு உள்ளே சோப்புக் குச்சியால் தொட்டதும், வெளித்தண்ணீர் எல்லாப் பக்கமும் இழுக்க, நூல் சட்டென்று வட்டமாக விரியும். ஒரு துளி தேங்காயெண்ணெய் வைத்தாலும் மிளகு ஓடும் என்பதையும் காட்டிவிடு. இது சோப்புக்கு மட்டுமே உள்ள குணம் இல்லை என்று புரியும்.

பெரிய வகுப்பு என்றால் அளந்தே பார்க்கலாம். கண்ணாடி டிராப்பரில் சிரிஞ்சால் அளந்த 1 மி.லி. தண்ணீரை விட்டு, சொட்டுகளை எண்ணச் சொல். பிறகு 100 மி.லி. தண்ணீரில் 1 மி.லி. திரவம் கலந்து, அதே டிராப்பரில் எண்ண வேண்டும். இழுவிசை குறைந்தால் துளி சிறுக்கும், எண்ணிக்கை கூடும். தண்ணீர் 20 துளி, சோப்புநீர் 48 துளி என்று வந்தால், 20-ஐ 48-ஆல் வகுத்து 72-ஆல் பெருக்கு: 30. அதுதான் சோப்புநீரின் இழுவிசை. இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு துளி விழ வேண்டும். வேகமாக அழுத்தினால் புதிதாக உருவாகும் பரப்புக்குச் சோப்பு மூலக்கூறுகள் வந்து சேர நேரம் இருக்காது. துளி பெரிதாகி, விடை கூடிவிடும். திரவத்தை இரட்டிப்பாக்கினாலும் எண்ணிக்கை பெரிதாக ஏறாது. பரப்பு நிரம்பிய பிறகு மீதி மூலக்கூறுகள் தண்ணீருக்குள்ளேயே கொத்துக்கொத்தாகக் கூடிவிடுகின்றன.

பூந்திக்கொட்டை ஊறவைத்த தண்ணீரையும் ஒருமுறை எண்ணச் சொல். அதில் சோப்பைப் போலவே நுரைக்கும் சப்போனின் என்ற பொருள் இருக்கிறது. உங்கள் போர் தண்ணீரில் சோப்புக் கரைசலுக்கும் பூந்திக்கொட்டைக்கும் எத்தனை துளி வந்தது என்று அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
உன் நண்பன்