வார இறுதிப் பயணத்தைத் திங்கள்கிழமையிலிருந்து திட்டமிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடையில் இரண்டு மூன்று மாத இன்டர்ன்ஷிப்புக்காக ஐரோப்பா செல்லும் மாணவர்களுக்குப் புறப்படும் முன் உதவித்தொகை, தங்குமிடம், ஆய்வக ஒழுங்கு எல்லாம் சொல்லித்தான் அனுப்புகிறார்கள். வார இறுதிகளைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. பத்து வாரம் என்றால் பத்துச் சனி, ஞாயிறு. அந்த வயதில் ஊர் பார்க்காமல் யார் இருப்பார்கள்? இருக்கவும் கூடாது. ஆனால் பணமும் நிம்மதியும் கரைவது இந்த இரண்டு நாள் பயணங்களில்தான். எங்கே போகலாம் என்று தொடங்காமல், திங்கள் காலை 9 மணிக்கு ஆய்வகத்தில் இருக்க வேண்டும் என்பதிலிருந்து பின்னோக்கி எண்ணித் திட்டம் போட்டால் பல சிக்கல்கள் தலைகாட்டாது.

முதலில், பாஸ்போர்ட்டில் ஒட்டியிருக்கும் விசாவைப் படிக்கத் தெரிய வேண்டும். 90 நாள் வரை தங்குவதற்கு 'சி' வகை, அதற்கு மேல் 'டி' வகை. 'சி' விசாவில் மூன்று இடங்களைப் பார்க்க வேண்டும். எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை செல்லும், மொத்தம் எத்தனை நாள் தங்கலாம், எத்தனை முறை நுழையலாம். முதல் இரண்டும் ஒன்றென்று நினைப்பவர்கள் ஏராளம். கடைசித் தேதிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தாலும், அனுமதித்த நாட்கள் தீர்ந்துவிட்டால் தீர்ந்ததுதான். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் முத்திரைக்குப் பதிலாக விரல்ரேகையையும் முகப்படத்தையும் கணினியில் பதிவு செய்யும் முறை படிப்படியாக வந்திருக்கிறது. நாட்கணக்கை இனி அந்தக் கணினியே போட்டுவிடும்.

மூன்றாவது இடத்தில் 1, 2 அல்லது 'மல்ட்' (பலமுறை) என்று இருக்கும். 1 என்று இருந்தால் ஷெங்கன் பகுதிக்கு, அதாவது ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டுக்கு, வெளியே கால் வைக்கவே கூடாது. ஷெங்கனில் இப்போது 29 நாடுகள். ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லாத சுவிட்சர்லாந்து இதில் உண்டு. ஒன்றியத்தில் இருக்கும் அயர்லாந்து இதில் இல்லை. பிரிட்டனுக்குத் தனி விசா வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் குரோஷியாவின் துப்ரோவ்னிக்கில் சிக்கல் வேறு விதமாக வருகிறது. குரோஷியா 2023 முதல் ஷெங்கன் நாடு. ஆனால் அங்கிருந்து காலையில் போய் மாலையில் திரும்பும் பேருந்துச் சுற்றுலாக்கள் போஸ்னியாவின் மோஸ்தாருக்கும் மொண்டெநெக்ரோவின் கோட்டோருக்கும் போகின்றன. அவை இரண்டும் ஷெங்கன் அல்ல. வெளியே போகும்போது யாரும் தடுக்க மாட்டார்கள். மாலையில் திரும்பும்போதுதான் விசாவில் இருந்த ஒரே நுழைவும் முடிந்துபோனது தெரியவரும்.

ஷெங்கனுக்குள் எல்லையே கிடையாது என்ற நம்பிக்கையில் பாஸ்போர்ட்டை அறையில் வைத்துவிட்டு நகலோடு கிளம்புவதும் தவறு. ஜெர்மனி 2024 செப்டம்பர் 16 முதல் தன் எல்லா நில எல்லைகளிலும் சோதனை நடத்துகிறது. இரவுப் பேருந்தை ஓரம் கட்டி, விளக்கைப் போட்டு, ஒவ்வொருவரிடமும் ஆவணம் கேட்கும் இடத்தில் போனில் இருக்கும் படம் செல்லாது. மூலப் பாஸ்போர்ட்டும், குடியிருப்பு அட்டை இருந்தால் அதுவும் உடம்போடு இருக்க வேண்டும்.

ஜெர்மனியில் இன்டர்ன்ஷிப் என்றால் 'டாய்ச்லாண்ட் டிக்கெட்' என்ற மாதப் பயணச்சீட்டு போதும் என்பதே என் கருத்து. 2023 மே மாதம் 49 யூரோவில் தொடங்கியது, 2026 ஜனவரி முதல் 63 யூரோ. நாடு முழுவதும் பிராந்திய ரயில், நகர ரயில், டிராம், பேருந்து எல்லாவற்றிலும் ஏறலாம். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. எல்லை தாண்டி ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் நிலையம் வரை செல்லும் என்பது கூடுதல் லாபம். மியூனிக்கிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம்தான். ஆனால் இது மாதச் சந்தா. ஒரு மாதக் கடைசியோடு நிறுத்த வேண்டுமானால் அந்த மாதம் 10ஆம் தேதிக்குள் ரத்து செய்ய வேண்டும். ஜூலை 31ஆம் தேதி ஊர் திரும்புகிறவர் ஜூலை 10ஐத் தவறவிட்டால் ஆகஸ்டுக்கும் பணம் போய்விடும்.

இந்த ரயில்களில் அறிவிப்பு ஜெர்மன் மொழியில் மட்டும் வந்து, புரியாமல் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பாதி வழியில் ரயில் பிரியும். மியூனிக்கிலிருந்து தெற்கே மலைப்பக்கம் போகும் ரயில் ஹோல்ட்ஸ்கிர்ஷென் நிலையத்தில் நின்று பிரிகிறது. ஒரு பகுதி பைரிஷ்ட்செல் பக்கம், மற்றது டேகர்ன்சே, லெங்க்ரீஸ் பக்கம். டேகர்ன்சே, லெங்க்ரீஸ் பெட்டிகள் அடுத்து ஷாஃப்ட்லாக்கில் மறுபடி பிரியும். ரயிலின் பெயரைப் பார்த்து ஏறினால் போதாது. ஏறும் பெட்டியின் கதவுக்குப் பக்கத்தில் எரியும் பலகையில் உங்கள் ஊர்ப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தப்பான பெட்டி என்று தெரிந்தால் ரயில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் நடைமேடையில் இறங்கி முன்னாலோ பின்னாலோ ஓட வேண்டியதுதான்.

விரைவு ரயிலில் போவோர் ஒன்றைக் கணக்கில் வைக்க வேண்டும். ஜெர்மன் ரயில்வேயின் தொலைதூர ரயில்களில் 2024இல் நேரத்துக்கு வந்தவை 62.5 சதவீதம். அதுவும் 6 நிமிடத்துக்கு உட்பட்ட தாமதத்தைச் 'சரியான நேரம்' என்று எண்ணிய பிறகு. ஆகவே ஞாயிறு இரவின் கடைசி ரயிலை நம்பக் கூடாது. அதற்கு முந்தையதைப் பிடியுங்கள். இணைப்பு ரயில்கள் எல்லாம் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். ஒரே டிக்கெட்டாக இருந்தால் முதல் ரயில் தாமதித்து அடுத்ததைத் தவறவிட்டாலும் ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரயில்வேயின் பொறுப்பு. சேரும் இடத்தில் 60 நிமிடத் தாமதத்துக்குக் கட்டணத்தில் 25 சதவீதமும், 120 நிமிடத்துக்கு 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். பத்து யூரோ மிச்சம் பிடிக்க இரண்டு தனி டிக்கெட் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

மலிவு விமானங்களில் டிக்கெட் விலையைப் பார்க்கும் முன் விமான நிலையம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 'பாரிஸ்' என்று விற்கப்படும் போவே நிலையம் நகரிலிருந்து சுமார் 85 கிலோமீட்டர். 'பிராங்க்ஃபர்ட்' என்ற ஹான் 120 கிலோமீட்டர் அளவில். போவேக்குப் பேருந்திலேயே ஒன்றேகால் மணி நேரம் ஆகும். ஞாயிறு இரவு 9 மணி விமானத்துக்கு மாலை 5 மணிக்கே பாரிஸை விட்டுக் கிளம்ப வேண்டும், அதாவது ஞாயிறு பிற்பகலே இல்லை. ஐரோப்பியக் குடிமக்கள் அல்லாதவர்கள் ஆன்லைனில் செக்-இன் செய்திருந்தாலும், சில நிறுவனங்களில் பாதுகாப்புச் சோதனைக்கு முன் கவுண்டரில் ஆவணங்களைக் காட்டிச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்யாமல் நேரே கேட்டுக்குப் போனவரைத் திருப்பி அனுப்புவார்கள், அதற்குள் விமானம் மூடிவிடும். இலவசப் பை பெரும்பாலும் 40×30×20 செ.மீ. சக்கரமும் கைப்பிடியும் இந்த அளவுக்குள் அடங்க வேண்டும், எனவே மெத்தென்ற முதுகுப் பையே நல்லது.

பார்க்கும் இடங்களுக்கும் கிழமை முக்கியம். பாரிஸின் லூவ்ரு அருங்காட்சியகம் செவ்வாயில் மூடியிருக்கும், அங்குள்ள ஓர்சே அருங்காட்சியகமும் அருகிலுள்ள வெர்சாய் அரண்மனையும் திங்களில். வத்திக்கான் அருங்காட்சியகம் மாதக் கடைசி ஞாயிறு தவிர மற்ற ஞாயிறுகளில் கிடையாது. சனி, ஞாயிறு மட்டும் ரோமில் இருப்பவர் சனிக்கிழமைக்கே அதை வைக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் ஆன் பிராங்க் இல்லத்துக்கு ஆன்லைனில் மட்டும்தான் டிக்கெட். ஒவ்வொரு செவ்வாயும் ஆறு வாரத்துக்குப் பிந்தைய நாட்களுக்கான டிக்கெட்டைத் திறப்பார்கள். ஜூலையில் பார்க்க ஆசை என்றால் வேலையில் சேர்ந்த வாரமே பதிவு செய்யுங்கள். 26 வயதுக்கு உட்பட்டவர் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதியில் (ஐரோப்பிய ஒன்றிய நாடுகளோடு நார்வே, ஐஸ்லாந்து, லீக்டென்ஸ்டைன்) வசிப்பவராக இருந்தால் லூவ்ருக்கு இலவசம். குடியுரிமை கணக்கில்லை, வசிப்பதற்கான அட்டைதான் கணக்கு.

சின்ன விஷயங்கள் சில. இத்தாலியின் பிராந்திய ரயில்களுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், ஏறும் முன் நிலையத்தில் இருக்கும் சிறு இயந்திரத்தில் செருகி நேரத்தை அச்சிட வேண்டும். பிராக் நகரப் பேருந்து, மெட்ரோ டிக்கெட்டும் அப்படியே. காசு கொடுத்து வாங்கியிருந்தும், அச்சிடாத டிக்கெட்டுக்கு அபராதம் உண்டு. செக், ஹங்கேரி, போலந்தில் யூரோ இல்லை. ஏடிஎம் 'உங்கள் நாணயத்திலேயே கழிக்கட்டுமா' என்று கேட்டால் வேண்டாம் என்று உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், மாற்று விகிதத்தில் பணம் போகாது. ஐரோப்பிய ஒன்றிய சிம்முக்கு ஒன்றியம் முழுவதும் கூடுதல் கட்டணமில்லை, ஆனால் சுவிட்சர்லாந்து அந்த விதியில் சேராது. ஜெர்மனியில் ஞாயிறன்று கடைகள் மூடியிருக்கும். திங்கள் காலைக்கு ரொட்டியும் பாலும் வேண்டுமென்றால் பெரிய ரயில் நிலையக் கடைகள்தான் கதி.

நுழைவு எத்தனை முறை வேண்டும் என்பது விசா விண்ணப்பப் படிவத்திலேயே கேட்கப்படும் கேள்வி. பலரும் ஒருமுறை என்று குறித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே தங்கள் நாளிதழின் கல்விப் பக்கத்தில் இதைப் பற்றி எழுதுவதாக இருந்தால், மாணவர்கள் விமானம் ஏறும் மே மாதத்தில் அல்லாமல், படிவம் நிரப்பும் பிப்ரவரி, மார்ச்சிலேயே வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்