வேலையை விடுவதற்கு முன்னால் ஒரு தொட்டி வை

அன்புள்ள கண்ணுக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ சொன்னதுக்கெல்லாம் "சரி சாமி, பார்க்கலாம்" என்று சொல்லி வைத்துவிட்டேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதே. உங்கப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார், வேலையை விடப் போகிறாய் என்று அவர் காதில் விழுந்திருந்தால் ராத்திரி சாப்பிட்டிருக்க மாட்டார். எட்டு லட்சம் கடன் வாங்கி, ஓசூர் பக்கம் இடத்தைக் குத்தகைக்கு எடுத்து, மீன் தொட்டித் தண்ணீரிலேயே செடியும் வளர்க்கிற அக்வாபோனிக்ஸைப் பெரிதாகப் போடப் போகிறேன் என்கிறாய். "நீங்களே கொல்லையில் பண்றீங்களேம்மா" என்று வேறு கேட்டாய். பண்ணுகிறேன்தான். அதனால்தான் எழுதுகிறேன்.

உன் அம்மாச்சி மீன் அலசிய தண்ணீரை ஒரு நாளும் சாக்கடையில் ஊற்றியதில்லை, கறிவேப்பிலைக்கோ முருங்கைக்கோதான் போகும். இதுவும் அடிப்படையில் அதேதான், என்ன, மீன் உயிரோடு இருக்கும், தண்ணீர் சுற்றிச் சுற்றி வரும். என்னுடையது 1000 லிட்டர் தொட்டி, அதற்கு மேல் இரண்டு நீல பேரலை நெடுக்காக அறுத்து நாலு பாத்தி, பாத்தி நிறைய முக்கால் இஞ்ச் ஜல்லி. அந்த ஜல்லியைக் கழுவியே எனக்கு இடுப்பு போய்விட்டது, கிரஷர் தூள் போகவே போகாது. வாங்கும் முன் ஒரு கைப்பிடியில் ஆசிட் விட்டுப் பார்த்தேன். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, தண்ணீரின் பிஎச், அதாவது காரத்தன்மையின் அளவு, ஏறிக்கொண்டே போகும். நம் கருங்கல் ஜல்லி நுரைக்கவில்லை.

பாத்தியில் தண்ணீர் ஏறி இறங்க பெல் சைஃபன் வைத்திருக்கிறேன். நீ ஏழாவது படிக்கும்போது வாசுதேவர் கிண்ணம் செய்து காட்டினேனே, கிருஷ்ணர் காலில் தண்ணீர் பட்டதும் மொத்தமும் வடிந்துவிடும், அதே வித்தைதான். நிறையும்போது வேருக்குத் தண்ணீர், வடியும்போது காற்று. இதைப் பார்த்துக்கொண்டே நான் அரை மணி நேரம் உட்கார்ந்திருப்பேன், அது வேறு விஷயம்.

இப்போது உனக்கு யாரும் வீடியோவில் காட்டாத பகுதிக்கு வருகிறேன். 30 வருஷம் நைட்ரஜன் சுழற்சியைக் கரும்பலகையில் வரைந்தவள் நான். மீன் கழிவில் அமோனியா வரும், ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட் ஆக்கும், இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும், செடி அதை எடுத்துக்கொள்ளும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த பாக்டீரியா ஜல்லியில் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும் என்பதும் தெரியும். தெரிந்தும், தை மாதம் வளர்பிறை வெள்ளிக்கிழமை நல்ல நாள் என்று, தண்ணீர் நிரப்பிய மூன்றாம் நாளே 40 ஜிலேபி மீன் குஞ்சுகளை விட்டேன். பத்து நாளில் 27 செத்தது. நம் போர் தண்ணீரின் பிஎச் 8.2. அந்த அளவில் அமோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு, பிஎச் 7-ல் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல். பாடமாக நடத்தினால் நானே பக்கம் பக்கமாக எழுதிப்போட்டிருப்பேன்.

அப்புறம்தான் ஒழுங்காகச் செய்தேன். மிச்சமிருந்த 13-க்குத் தீவனத்தைப் பேருக்குப் போட்டு, வண்ணமீன் கடைக்காரரிடம் அவருடைய பழைய ஃபில்டரில் இருந்து இரண்டு கை ஜல்லி வாங்கிவந்து பாத்தியில் புதைத்து, தினமும் சொட்டு மருந்து கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பார்த்தேன். நைட்ரைட் ஏறிய வாரத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் கணக்கில் கல்லுப்பு கரைத்தேன், உப்பில் உள்ள குளோரைடு நைட்ரைட்டை மீனின் ரத்தத்துக்குள் போகவிடாது. அஞ்சாவது வாரம் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தது. பங்குனியில்தான் புதுக் குஞ்சுகள் விட்டேன். நீ வளர்க்கப் போவது மீனோ கீரையோ இல்லை கண்ணு, கண்ணுக்குத் தெரியாத அந்தப் பூச்சிகளை. அவை நன்றாக இருந்தால் மற்றது தானாக வரும்.

தீவனம் அதிகம் போட்டாலும் அவைதான் திணறும். 32 சதவீதப் புரதம் உள்ள தீவனம் 100 கிராம் போட்டால் அதில் 5 கிராம் நைட்ரஜன் இருக்கிறது, மீன் உடம்பில் தங்குவது அதில் கொஞ்சம்தான், மீதி தண்ணீருக்குத்தான் வரும். ஆவணியில் பழனிக்குக் கல்யாணத்துக்குப் போனபோது பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் தீவனம் போடச் சொல்லியிருந்தேன். அது பாவம், அன்பு மிகுதியில் கை நிறைய அள்ளிப் போட்டிருக்கிறது. இரண்டாம் நாள் வந்து பார்த்தால் தண்ணீர் அரிசி களைந்த கழுநீர் மாதிரி இருந்தது. மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை இறைத்து வாழைக்கு விட்டுத்தான் மீனைக் காப்பாற்றினேன்.

செடி விஷயம் சுருக்கமாகச் சொல்கிறேன். புதினா, பொன்னாங்கண்ணி, சிறுகீரை அமோகம், ஆனால் புதினா வேர் சைஃபனுக்குள் போய் அடைத்துவிடும், ஓரமாக வை. பாலக்கில் புது இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்பு போதவில்லை என்று அர்த்தம். நம் மாதிரிக் கடினத் தண்ணீரில் கடையில் விற்கும் இரும்புச் சத்தில் சாதாரண இடிடிஏ செலேட் வகை வேலைக்கு ஆகாது, இடிடிஎச்ஏ வகை என்று கேட்டு வாங்கு. அதைக் கரைத்ததும் தொட்டி பீட்ரூட் சாறு நிறத்துக்கு வந்து உங்கப்பா ரத்தம் என்று பயந்துவிட்டார். அசுவினி வந்தால் கையால் நசுக்கு, இல்லை தண்ணீரைப் பீய்ச்சி அடி. வேப்பெண்ணெய்கூட அடிக்காதே, அது தொட்டியில் இறங்கினால் மீனுக்கு ஆகாது.

சரி, காசு கணக்கு. எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய் போட்டேன். ஆறு மாதத்தில் 38 மீன், 12 கிலோ சொச்சம். தீவனம் 18 கிலோ, சில்லறை விலையில் 1,350 ரூபாய். தண்ணீர் மோட்டாரும் காற்றுப் பம்பும் சேர்ந்து 75 வாட், நிறுத்தாமல் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். அப்போது நமக்கு இலவசமாக வந்த 100 யூனிட்டை இதுவே தின்றுவிட்டது. மீன் எடைக்கு வந்தது எப்போது தெரியுமா, புரட்டாசி! தெருவில் ஒருத்தர் வாங்கவில்லை, நம் வீட்டிலும் அடுப்பில் ஏறவில்லை, ஆனால் அவற்றுக்குப் புரட்டாசி தெரியுமா, அந்த மாதம் முழுக்கத் தின்றன. ஐப்பசியில் அஞ்சு கிலோ விற்றேன், மற்றது நாம் சாப்பிட்டதும் கொடுத்ததும். கீரையை ஒட்டன்சத்திரத்தில் விற்கலாம் என்று நினைக்காதே, லாரி லாரியாகக் காய் கேரளாவுக்குப் போகிற ஊரில் என் நாலு பாத்திக் கீரைக்கு என்ன விலை கிடைக்கும்? வீட்டுக்கு ஆகிறது, மனசுக்கு ஆகிறது, அவ்வளவுதான். இதை எட்டு லட்சத்தில் பெருக்கினால் லாபம் பெருகும் என்று உனக்கு யார் கணக்குப் போட்டுக் கொடுத்தார்களோ, அவர் பயிற்சிக்கு வாங்கும் கட்டணத்தில்தான் லாபம் இருக்கிறது.

முக்கியமானது இன்னொன்று. என் கொல்லையில் நடந்தது உன் ஊரில் அப்படியே நடக்காது. ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மார்கழியில் நீ போர்த்திக்கொண்டு தூங்குகிறாய், ஜிலேபி மீனுக்குப் போர்வை கிடையாது. அதற்கு 27, 28 டிகிரி தண்ணீர் வேண்டும், 20-க்குக் கீழே போனால் தீவனத்தைச் சரியாக எடுக்காது, பாக்டீரியாவும் சோம்பிவிடும். இரண்டு மூன்று மாதம் மீன் வளராமல் நின்றால் வங்கி வட்டி நிற்குமா? சாதாக் கெண்டை குளிரைத் தாங்கும், ஆனால் முள் அதிகம் என்று வாங்க யோசிப்பார்கள்.

வேண்டாம் என்று சொல்லவில்லை. வேலையில் இருந்துகொண்டே 500 லிட்டரில் ஒன்று போடு. மொட்டை மாடியில் வேண்டாம், தண்ணீரே அரை டன், ஜல்லி அதற்கு மேல், வீட்டுக்காரர் விரட்டிவிடுவார். கீழே காம்பவுண்டு ஓரம் கேட்டுப் பார். ஒரு மார்கழி, ஒரு சித்திரை இரண்டையும் அது தாண்டட்டும். கிருஷ்ணகிரி பக்கம் பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் இருக்கிறது, ஒரு நாள் லீவு போட்டுப் போய் கிப்ட் திலேப்பியா என்கிற மேம்படுத்திய ஜிலேபி ரகம் பற்றியும் அதை வளர்க்க வாங்க வேண்டிய அனுமதி பற்றியும் நேரில் கேள். கண்ட இடத்தில் குஞ்சு வாங்காதே. கரண்ட் போனால் தானாக ஓடுகிற பேட்டரிக் காற்றுப் பம்பு முதல் நாளே வேண்டும், விடிகாலையில்தான் தண்ணீரில் ஆக்சிஜன் அடிமட்டத்தில் இருக்கும், மீன் மேலே வந்து வாய் பிளப்பதை ஒரு தடவை பார்த்தாயானால் அப்புறம் அலாரம் இல்லாமலே நாலரைக்கு எழுந்துவிடுவாய்.

உங்கப்பாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வரும்போது நீயே உட்கார்ந்து பேசு, அதற்குள் தொட்டி வாங்கியிருந்தால் பேச்சு சுலபமாக இருக்கும். வரும்போது என் காற்றுப் பம்புக்கு உள்ளே போடுகிற ரப்பர் டயாஃப்ரம் இரண்டு வாங்கி வா, பழசு கிழிந்து ராத்திரி முழுக்க வண்டு மாதிரி இரைகிறது. இங்கே கடையில் பம்பாகத்தான் வாங்க வேண்டும் என்கிறார்கள்.

அம்மா