அந்த அறையின் சாவியைக் கொடுங்கள்

மதிப்பிற்குரிய பள்ளி மேலாளர் வாரியத்தாருக்கும், தலைமையாசிரியர் அவர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலவையினருக்கும், பேராக் மாநிலச் சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டத் தமிழ்ப்பள்ளியின் பெற்றோரில் ஒருவன் எழுதுவது. வணக்கம்.

போன மாதம் பள்ளியில் எல்லாரும் கூடித் துப்புரவு செய்த கோத்தோங் ரோயோங்கில் என்ன நடந்தது என்று உங்கள் எல்லாருக்கும் தெரியும். படிக்கட்டுக்கு அடியில் கிடந்த சாமான்களை எல்லாம் அள்ளிக் குப்பை லோரியில் ஏற்றினார்கள். அதோடு சேர்ந்து, ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் மூன்று பேர் செய்துகொண்டிருந்த, செம்பனை உதிரிப்பழம் பொறுக்கும் உருளையும் போய்விட்டது. யார் தூக்கிப் போட்டது என்று நான் கேட்கப்போவதில்லை. சனிக்கிழமை ஓய்வை விட்டுவிட்டு விளக்குமாறு எடுத்து வந்த பெற்றோர்கள்தான். அவர்கள் கண்ணுக்கு அது துருப்பிடித்த கம்பியும் ஒரு மாப்புக் கட்டையும். பாதியில் நிற்கும் வேலை எதுவும் பார்க்கக் குப்பையாகத்தான் தெரியும். அது ஏன் படிக்கட்டுக்கு அடியில் கிடக்க வேண்டி வந்தது என்பதுதான் என் கேள்வி.

அந்தத் துப்புரவு எதற்காக நடந்தது? மறுவாரம் மாண்புமிகு வந்து நம் பள்ளியின் புத்தாக்க அறையைத் திறந்துவைப்பதற்காக. இதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லத் தேவையில்லை; ஆனாலும் சொல்கிறேன்.

அந்த உருளையை நான் கையில் எடுத்துப் பார்த்தவன். மூவரில் ஒருவன் என் மகன். பழைய காற்றாடிக் கூண்டின் கம்பிகளைக் கழற்றி வளைத்து, இரண்டு வட்டத் தகடுகளுக்கு நடுவே வரிசையாகக் கோத்திருந்தார்கள். நடுவில் சைக்கிள் அச்சு. தரையில் உருட்டினால் கம்பி விலகிப் பழத்தை உள்ளே வாங்கிக்கொள்ள வேண்டும், திரும்ப விடக்கூடாது. என் பட்டறையில் நான் வைத்துக் கொடுத்தது இரண்டு வெல்டிங் மட்டுந்தான். கம்பியின் இடைவெளிதான் அவர்களுக்குப் பிடிபடவில்லை. அகலமாக விட்டால் பழம் உருண்டு வெளியே வந்தது. நெருக்கினால் ஏறவே மாட்டேன் என்றது. பல வாரமாக அந்த இடைவெளியோடுதான் மல்லுக்கட்டு. யோசனை கூட்டாளிப் பெண்பிள்ளையுடையது. அவள் அம்மா தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிறவர்.

செம்பனையில் நன்றாகப் பழுத்துத் தானாக உதிரும் பழத்தில்தான் எண்ணெய் அதிகம். குலை வெட்ட மோட்டார் கத்தி வந்துவிட்டது. மலேசியச் செம்பனை வாரியம் உருவாக்கிய ‘காந்தாஸ்’ பல தோட்டங்களில் ஓடுகிறது. கீழே சிதறுவதைப் பொறுக்க மட்டும் இன்னும் பெரும்பாலும் மனிதருடைய இடுப்பைத்தான் நம்பியிருக்கிறோம். அந்த வாரியத்து ஆய்வாளர்களே மெனக்கெட்ட சிக்கல் இது. பத்து வயதுப் பிள்ளை தன் அம்மாவின் இடுப்பு வலியிலிருந்து அதே சிக்கலுக்கு வந்து சேர்ந்திருக்கிறாள். நாம் லோரியில் ஏற்றிவிட்டோம்.

எங்கே வைத்துச் செய்வது? பள்ளி முடிந்து வேன் வருவதற்குள் கிடைக்கும் கொஞ்ச நேரத்தில், கேண்டீனுக்குப் பின்னால் அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்து செய்தார்கள். பசை காய்வதற்குள் வேன்காரர் ஹாரன் அடிப்பார். காயாததை அப்படியே தூக்கிக்கொண்டு போய்ப் படிக்கட்டுக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள். மறுநாள் பார்த்தால் தகடு கோணியிருக்கும், அல்லது சாரல் அடித்து ஊறியிருக்கும். திரும்ப முதலிலிருந்து. இத்தனைக்கும் பத்தடி தள்ளி ஒரு நல்ல அறை பூட்டிக் கிடக்கிறது.

அந்த அறையை நானும் திறப்பு விழாவன்று பார்த்தேன். ஏர்கோன், கம்பளம், கோப்பைகள் அடுக்கிய கண்ணாடி அலமாரி, செருப்பைக் கழற்றச் சொல்லும் அட்டை. முப்பரிமாண அச்சு இயந்திரம் ஒன்று உறைகூடப் பிரிக்காமல் நிற்கிறது. சாவி அலுவலகத்தில். வெளியார் யாராவது வந்தால் அறை திறக்கும். கம்பளத்தின் மேல் உட்கார்ந்து எந்தப் பிள்ளை ரம்பம் பிடிக்கும்?

கேட்பது ஒன்றுதான். அந்த அறையைப் பிள்ளைகளுக்குத் திறந்துவிடுங்கள். சாவியை வடிவமைப்பும் தொழில்நுட்பமும் பாட ஆசிரியர் கையில் கொடுங்கள்.

2021-இல் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கான யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பரீட்சைக்கு நேரமில்லாமல் போய்விடும் என்ற பழைய சாக்கும் அதோடு போய்விட்டது. ஆனால் நாம் பரீட்சை இருந்த இடத்தில் பதக்கத்தை உட்கார வைத்துவிட்டோம். எந்தப் புத்தாக்கப் போட்டி என்றாலும் தங்கம் வேண்டும், பேனர் அடிக்க வேண்டும். பெரியவர்கள் செய்து கொடுத்ததைப் பிள்ளைகள் மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கும் கூத்தையும் நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கைதட்டியும் இருக்கிறோம். தோற்றுப்போன ஒரு கருவியை, இது ஏன் ஓடவில்லை என்று எழுதி அந்தக் கண்ணாடி அலமாரியில் வைத்தால் என்ன குறைந்துவிடும்?

1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பத்துப் பிள்ளைகள் இருக்கிற தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்றது. துரைமார் கணக்குக் காட்ட ஒரு கொட்டகை போட்டார்கள். கங்காணியோ கணக்கெழுதும் கிராணியோ பாடம் சொன்னார். கொட்டகையைக் கட்டடமாக்கியது நம் ஆட்கள் போட்ட பணம். மலேசிய அமைச்சராக இருந்த துன் சம்பந்தன் மகாத்மா காந்தி கலாசாலை என்ற தமிழ்ப்பள்ளியை எழுப்பிய ஊர் இது. 1960-இல் அவர் தொடங்கிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில் ரப்பர் பால்வெட்டுக்காரர்கள் வெள்ளி வெள்ளியாகப் பணம் சேர்த்துத் தோட்டத்தையே வாங்கினார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளுக்கு நாம் கணக்குக் காட்ட ஓர் அறை கட்டியிருக்கிறோம். துரைமாராவது கொட்டகையைப் பூட்டவில்லை.

பேச்சு நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். தலைமையாசிரியருக்கு இருக்கும் வேலைப் பளு எனக்குத் தெரியும். அரசின் பகுதி உதவி மட்டும் பெறும் பள்ளியில் ஒவ்வொரு வெள்ளிப் பணத்துக்கும் வாரியத்தார் படியேறி இறங்குவதும் தெரியும். அதனால்தான் காசு கேட்கவில்லை. வாரத்தில் இரண்டு மதியம் அறை திறந்திருக்கட்டும். கம்பளத்தை எடுத்துவிட்டு வெறும் சிமெண்டுத் தரையை விடுங்கள். பசை சிந்தினால் சுரண்டிக்கொள்ளலாம். கனமான மேசை ஒன்று போதும். முக்கியமாக, முடியாத வேலையைப் பெயர் எழுதி வைத்துவிட்டுப் போக ஒரு தட்டு வேண்டும், அதை ஆசிரியரைக் கேட்காமல் யாரும் தொடக்கூடாது. அச்சு இயந்திரத்தின் உறையையும் தயவுசெய்து பிரியுங்கள். கெட்டுப்போனால் போகட்டும், பிள்ளைகளே கழற்றிப் பார்ப்பார்கள். மதியம் கூட இருந்து பார்த்துக்கொள்ளப் பெற்றோர் முறைவைத்து வரலாம். முதல் பெயர் என்னுடையது.

வரும் ஆண்டுக் கூட்டத்தில் இதை நிகழ்ச்சி நிரலில் சேர்த்து, ‘இதர விஷயங்கள்’ வரைக்கும் தள்ளாமல் பதில் சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அந்த மூன்று பிள்ளைகளிடமும் பள்ளி சார்பில் யாராவது ஒருவர் வருத்தம் தெரிவித்தால் நன்றாக இருக்கும். பட்டறையில் எனக்கு உபரியாக ஒரு வைஸ் இருக்கிறது, மேசையில் பூட்டிக் கொடுத்துவிடுகிறேன். கம்பளம் சுருட்ட ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், எந்தச் சனிக்கிழமையும் நாலு பேரோடு வருகிறேன்.

இப்படிக்கு,
ஐந்தாம் ஆண்டு மாணவனின் தந்தை