கழுகு வராத டூங்கர்வாடி

மாதுங்கா, மும்பை

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்று படித்ததில் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருப்பதாக டாக்டர் சொல்கிறார். நானும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

"பார்சிகளெல்லாம் இன்னும் இருக்கிறார்களா? நெருப்பைக் கும்பிடுகிறவர்கள்தானே?" என்று கேட்டிருந்தாய். ஈரானிலிருந்து வந்து இங்கே தங்கிய ஜரதுஷ்டிர மதத்துக்காரர்கள் அவர்கள். இருக்கிறார்கள், குறைந்துகொண்டே வருகிறார்கள். 2001 மக்கள்தொகைக் கணக்கில் நாடு முழுக்க 69,601 பேர், 2011-ல் 57,264. நமக்கெல்லாம் 'நாம் இருவர் நமக்கு இருவர்' என்று சுவரில் எழுதிய அரசாங்கம், 2013-ல் இவர்களுக்கென்று 'ஜியோ பார்சி' என்று திட்டம் போட்டு, பிள்ளை பெறுவதற்கான சிகிச்சைக்குப் பணம் கொடுக்க ஆரம்பித்தது. அப்புறம், அவர்களுக்குக் கடவுள் அஹுர மஸ்தா. நெருப்பு அவருடைய ஒளிக்கு அடையாளம், அவ்வளவுதான். நம் ராயபுரத்தில்கூட 1910-ல் கட்டிய அக்னி கோயில் இருக்கிறது. எத்தனை தடவை அந்தப் பக்கம் போயிருப்போம், நமக்குத்தான் தெரியவில்லை.

எங்கள் ஆபீஸில் இருந்த பார்சி நண்பர் பாவாஜியை ஞாபகம் இருக்கிறதா? நீ பம்பாய் வந்தபோது ஸ்கூட்டரில் உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டினாரே, அவர் போன மாதம் தவறிப்போனார். அதனால்தான் உன் கேள்விக்கு இவ்வளவு நீளமாகப் பதில்.

ஒருநாள் மதியம் அவர் சட்டைப் பொத்தானைக் கழற்றி, உள்ளே போட்டிருந்த வெள்ளை மல் துணிச் சட்டையைக் காட்டினார். சுத்ரே என்பார்கள். கழுத்துக்குக் கீழே ஒரு சின்னப் பை, விரல் நுனிகூடச் சரியாக நுழையாது. "செய்த நல்லதை இதில் சேர்த்துவைக்கணும். பைசா வைக்க முடியாது பார்" என்று சிரித்தார். இடுப்பில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டும் குஸ்திக் கயிறு 72 இழைகளால் நெய்தது, அவர்கள் வேதநூலான யஸ்னாவின் 72 அத்தியாயங்களுக்காக. நல்ல நினைப்பு, நல்ல சொல், நல்ல செயல் என்பதுதான் மொத்த உபதேசமும். துறவுக்கு அங்கே மதிப்பில்லை. பட்டினி கிடப்பதைப் புண்ணியமாக எண்ணுவதில்லை. உழைத்துச் சம்பாதி, தாராளமாகக் கொடு, நன்றாகச் சாப்பிடு. இந்தக் கடைசி விஷயத்தில் பாவாஜி பக்திமான்.

அவர்கள் கஷ்டம் சாவில்தான் தெரிகிறது. பிணம் மண்ணையும் நீரையும் நெருப்பையும் தீட்டாக்கக் கூடாது என்பதால், மலபார் ஹில்லில் உள்ள டூங்கர்வாடியில், கூரையில்லாத வட்டக் கோபுரத்தில் உடலைக் கழுகுக்கு வைப்பது வழக்கம். அந்தக் கழுகுகளே இல்லாமல் போய்விட்டன. மாட்டுக்கு வலி தீரப் போடும் டைக்ளோஃபெனாக் மருந்து, செத்த மாட்டைத் தின்ற கழுகின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. வெண்முதுகுக் கழுகு பதினைந்து வருஷத்துக்குள் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் அழிந்தது. 2006-ல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள், ஆனால் காலம் கடந்துவிட்டது. கோபுரத்தில் வெயிலைக் குவிக்கும் கருவிகள் வைத்திருக்கிறார்கள். பம்பாய் மழை உனக்குத் தெரியும், ஆடி ஆவணியில் அதை வைத்து என்ன செய்வது? ஈரானில் உள்ள அவர்கள் மதத்துக்காரர்கள் எப்போதோ சிமெண்ட் பூசிய குழியில் புதைக்க மாறிவிட்டார்கள். மதம் ஒன்றும் கவிழ்ந்துவிடவில்லை.

டூங்கர்வாடி வேண்டாம் என்பதற்குப் பாவாஜிக்கு வேறொரு காரணமும் இருந்தது. மகள் ஒரு மராத்திக்காரரைக் கட்டிக்கொண்டவள். டூங்கர்வாடியில் சடங்கு தொடங்கிய பிறகு பார்சி அல்லாதவர்கள் முகம் பார்க்க முடியாது. "எனக்குத் தோள் கொடுத்த மாப்பிள்ளை வெளியே நிற்கணுமா?" என்று அவரே சொல்லிவைத்திருந்தார், வொர்லிக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்று. அங்கே மாநகராட்சி மயானத்தில் 2015-லிருந்து பிரார்த்தனை மண்டபம் இருக்கிறது, யாரும் உட்காரலாம். 2024-ல் ரத்தன் டாட்டாவுக்கும் அங்கேதான் தகனம். குருமார் ஓத, நான் மூன்றாவது வரிசையில் மாப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

இதில் எனக்கு ஆறாத விஷயம் ஒன்று. அவர் மகனும் வேறு இனத்துப் பெண்ணைத்தான் கட்டினான், அவன் பிள்ளைகளுக்கு நவ்ஜோத், அதாவது மதத்தில் சேர்க்கும் சடங்கு, நடந்தது. மகளின் பிள்ளைகளுக்கு இல்லை. ஒரே வீட்டுப் பேரப்பிள்ளைகள்! ஜே.ஆர்.டி. டாட்டாவின் அப்பா பிரெஞ்சுப் பெண்ணை மணந்ததில் கிளம்பிய வழக்கில், 1908-ல் பம்பாய் நீதிபதிகள் தாவரும் பீமனும் சொன்ன வரையறை இது: அப்பா பார்சியானால் பிள்ளையைச் சேர்க்கலாம். அவர்கள் வேதத்திலுள்ள காதா பாடல்களில், மதத்தை நிறுவிய ஜரதுஷ்டிரர், ஒவ்வொருவரும் தானே யோசித்துத் தேர்ந்தெடுக்கட்டும் என்கிறார். அவருக்கு இல்லாத வேலி கோர்ட்டுக்கு எப்படிக் கிடைத்ததோ! வெளி ஆட்களைச் சேர்த்தால் அடையாளமே கரைந்துவிடும் என்று பயப்படும் பெரியவர்களையும் நான் பார்த்திருக்கிறேன், அந்தப் பயம் பொய்யில்லை. ஆனால் விரும்பி வருகிற சொந்தப் பேத்தியைத் திருப்பி அனுப்பிவிட்டு எண்ணிக்கை குறைகிறதே என்று அழுவதில் அர்த்தமில்லை.

நாலாம் நாள் வீட்டில் தன்சாக் போட்டார்கள். பருப்பும் ஆட்டுக்கறியும் சேர்த்து வேகவைத்தது, துக்கம் முடிந்து முதல் அசைவம். அதனாலேயே கல்யாணத்துக்கு அதைச் செய்யமாட்டார்கள். நான் சைவம் என்பது மகளுக்கு ஞாபகம் இருந்து, தனியாகப் பருப்பு எடுத்துவைத்திருந்தாள்.

உன் மாப்பிள்ளை இன்னும் மாயாறு பக்கம்தானே வேலை பார்க்கிறார்? அங்கே பாறு கழுகு இருக்கிறது என்று சொன்னதும் பாவாஜி மகள் நம்பவே இல்லை. அவரிடம் நல்ல போட்டோ இருந்தால் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல், அவளுக்குக் காட்ட வேண்டும். தங்கச்சியை மிகவும் கேட்டதாகச் சொல்.

உன்,
ராமநாதன்