அச்சகத்தில் எனக்குப் பாடம் சொன்னவர்களுக்கு

சிவகாசி அண்ணாச்சிக்கும், அச்சுக்குப் போகும் முன் ஃபைலைச் சரிபார்க்கும் பிரீபிரஸ் அக்காவுக்கும், மெஷின் அண்ணனுக்கும், பைண்டிங் அக்காமாருக்கும் வணக்கம்.

பனையைப் பற்றிய என் 48 பக்கப் புத்தகம் நல்லபடியாக வந்து சேர்ந்தது. கிராஃபிக் டிசைன் படிப்பின் இறுதியாண்டு வேலையாக அதைக் கல்லூரியில் கொடுத்தும் ஆயிற்று. பார்த்தவர்கள் எல்லாரும் என்னைத்தான் பாராட்டுகிறார்கள். அதில் பெரும்பங்கு உங்களுக்குச் சேர வேண்டியது. அதை நாலு பேர் அறியச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன். பேர் போட வேண்டாம் என்று நீங்கள் கேட்டுக்கொண்டதால், செய்யும் வேலையைச் சொல்லியே கூப்பிடுகிறேன்.

முதலில் அண்ணாச்சி. ஆடிப்பெருக்கு அன்று அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பம் வெளியாகிவிட்டால், அப்புறம் மார்கழி வரை சிவகாசி அச்சகங்களில் ராத்திரி பகல் கிடையாது. அப்படிப்பட்ட நேரத்தில், முன்பின் தெரியாத ஒரு மாணவி வந்து வேலை பழக வேண்டும் என்று கேட்டதும் உள்ளே விட்டீர்கள். உட்கார வைத்து, மேசை டிராயரிலிருந்து ஒரு பழைய தீப்பெட்டி லேபிளை எடுத்துக் கையில் கொடுத்தீர்கள். கூடவே ஒரு லென்ஸ். "இதுல எத்தனை கல்லு இருக்குன்னு பாத்துச் சொல்லும்மா" என்றீர்கள். கல்லில் வரைந்து அச்சடித்த காலத்து லேபிள் அது. மஞ்சளுக்கு ஒரு கல், சிவப்புக்கு ஒரு கல், கறுப்புக்கு ஒரு கல் என்று ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல். ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழுந்தால்தான் படம். லென்ஸுக்கு அடியில் மஞ்சள் எங்கே முடிகிறது, சிவப்பு அதன் மேல் எங்கே ஏறுகிறது என்று விரலால் காட்டினீர்கள். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் பழகி வந்ததையும், தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்ததால் ஊருக்குள் அச்சு வளர்ந்ததையும், பட்டாசும் காலண்டரும் அதைப் பெரிதாக்கியதையும் அந்த லேபிளை வைத்தே சொன்னீர்கள். அன்றிலிருந்து எந்த அச்சைப் பார்த்தாலும் முதலில் நிறங்களைப் பிரித்துத்தான் பார்க்கிறேன்.

பிரீபிரஸ் அக்கா, உங்களிடம் கற்றதை எழுதினால் இந்த மடல் போதாது. ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்க அடர்ந்த பழுப்பு. அதன் மேல் வெள்ளை எழுத்தில் நுங்கு, பதநீர், கருப்பட்டி, பனங்கற்கண்டு, பனங்கிழங்கு என்று வரிசை. திரையில் பளிச்சென்று இருந்தது. நீங்கள் அதைப் பெரிதாக்கி, எழுத்துகளின் தலையில் இருக்கும் புள்ளிகளை மட்டும் ஒவ்வொன்றாகப் பார்த்தீர்கள். "இது மேப்லித்தோ தாளு. மையை உறிஞ்சும். நாலு கலர்ல ஒண்ணு துளி தள்ளி விழுந்தாலும் புள்ளி அடைஞ்சிரும். புள்ளி போச்சுன்னா எழுத்தே வேறல்ல?" என்றீர்கள். பனங்கற்கண்டு என்ற ஒரு சொல்லில் மட்டும் மூன்று புள்ளிகள். வகுப்பில் இருந்த அச்சுப் பாடம் ஆங்கில எழுத்தை வைத்து எழுதப்பட்டது, அதில் புள்ளிக்கும் சுழிக்கும் இடமில்லை. தமிழில் அச்சுக்குக் கொடுக்கும் எவரும் இதைத் தெரிந்திருக்க வேண்டும் என்று இப்போது உறுதியாக நினைக்கிறேன். பழுப்பில் இருந்த சயானை, அதாவது நீல மையை, எடுத்துவிட்டு மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மூன்றிலேயே நிறத்தைக் கட்டச் சொன்னீர்கள். எழுத்தின் தடிமனைக் கூட்டி, புள்ளியைத் தனியாக ஒரு சுற்றுப் பெரிதாக்க வைத்தீர்கள். அச்சாகி வந்த பக்கத்தில் ஒரு புள்ளிகூட அடையவில்லை.

படங்களிலும் அதே கதைதான். பளபளப்பான ஆர்ட் பேப்பரில் மை மேலேயே நிற்கும், மேப்லித்தோவில் உள்ளே இறங்கிப் பரவும். கணினியில் 50 சதவீதம் என்று வைத்த நிறம் தாளில் 70-ஐ ஒட்டித் தெரியும் என்பதைப் பழைய ஷீட்டுகளை எடுத்துக் காட்டினீர்கள். பனைமரத்தின் தண்டு கருகிப் போகாமல் அதன் செதில் செதிலான மேற்பரப்பு தெரிகிறதென்றால், நிழல் பகுதிகளைக் கொஞ்சம் வெளிச்சமாக்க நீங்கள் சொல்லிக் கொடுத்ததுதான் காரணம். ஓர் இடத்தில் விழும் நாலு நிற மையின் சதவீதங்களைக் கூட்டினால் 280-ஐத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது, வெட்டும்போது வெள்ளை தெரியாதபடி படத்தை ஓரத்துக்கு வெளியே 3 மில்லிமீட்டர் நீட்டி பிளீட் விடுவது, சின்ன எழுத்துக்குக் கறுப்பு ஒன்றை மட்டும் வைப்பது, பக்கம் வடிவமைக்கும் இன்டிசைனில் தமிழ் போன்ற எழுத்துகளைச் சரியாக அடுக்கும் வேர்ல்டு-ரெடி கம்போசர் போட்டிருந்தாலும் பிடிஎஃப் எடுத்த பிறகு கொம்பும் காலும் இடம் மாறாமல் இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பார்ப்பது, இதெல்லாம் இப்போது என் கைப்பழக்கம் ஆகிவிட்டது.

மெஷின் அண்ணன் அதிகம் பேச மாட்டார். பேச நேரமும் இருக்காது. பிளேட்டை, அதாவது அச்சுத் தகட்டை, மாட்டுவதற்கு முன்னால் அதை என் முன் தூக்கிப் பிடித்து, "படி" என்றார். நேராகவே படிக்க முடிந்தது. பழைய அச்சுக்கோப்பு முறையில் ஈய எழுத்து இடவலம் மாறி இருக்கும். ஆஃப்செட்டில் பிளேட் முதலில் ரப்பர் பிளாங்கெட்டில் பதிந்து, பிளாங்கெட்டிலிருந்துதான் தாளுக்குப் போகிறது, இரண்டு தடவை திரும்புவதால் பிளேட் நேராக இருக்கிறது. புத்தகத்தில் வாசித்த விஷயம்தான். ஆனால் அந்த அலுமினியத் தகட்டில் என் எழுத்தைக் கண்ணெதிரே படித்தபோதுதான் மனதில் உட்கார்ந்தது.

ஓட ஆரம்பித்ததும் ஷீட்டை உருவி மேசையில் போட்டு, ஓரத்தில் இருக்கும் கலர் பட்டையையும் நிறங்கள் ஒன்றின் மேல் ஒன்று சரியாக விழுகிறதா என்று காட்டும் ரெஜிஸ்டர் குறியையும் லென்ஸ் வைத்துப் பார்ப்பார். ஒரு திருகை இம்மி திருப்புவார். மறுபடி ஒரு ஷீட். மையோடு சேர்ந்து பிளேட்டில் ஓடும் தண்ணீர் கூடினால் நிறம் வெளிறும், குறைந்தால் படமில்லாத இடத்திலும் மை ஒட்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் மெஷினை நிறுத்தி வைப்பதுதான் அவருடைய வேலை, அதை அவர் சத்தத்தை வைத்தே பாதி கண்டுபிடித்துவிடுகிறார். நுங்குப் படம் வந்த ஷீட்டில் வெண்மைக்குள் லேசாக ஒரு நீலச் சாயல் இருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள், "நுங்கு இப்படி இருக்காதே" என்று சயானைக் குறைத்தார். நிறத்தை எண்களாக மட்டும் பார்த்துப் பழகிய எனக்கு அது பெரிய பாடம். அண்ணே, ஒவ்வொரு முறையும் லென்ஸை முதலில் என்னிடம் கொடுத்து, என்ன தெரிகிறது என்று கேட்டுவிட்டு அப்புறம் நீங்கள் பார்த்தீர்கள். அந்தப் பொறுமைக்கு நான் கடன்பட்டவள்.

தாள்கடை ஐயாவையும் சொல்ல வேண்டும். நான் 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் 70 கிராம்) என்று கேட்டேன், நீங்கள் 18.6 கிலோ என்றீர்கள். டபுள் டெமி என்கிற 58.5-க்கு 91 சென்டிமீட்டர் அளவில், 500 தாள் கொண்ட ஒரு ரீம் அந்த எடை இருந்தால் அது 70 ஜிஎஸ்எம் என்று ரசீதின் பின்பக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டினீர்கள். தமிழ்ப் புத்தகங்களின் விவரப் பக்கத்தில் டெமி 1/8, 18.6 கிலோ என்று பல வருஷமாகப் பார்த்து வந்தது அன்றுதான் புரிந்தது. கரூர்ப் பக்கம் காகிதபுரத்தில் கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்வதைப் பற்றியும் நிறையச் சொன்னீர்கள். அதை வைத்தே தனியாக ஒரு வேலை செய்ய ஆசை இருக்கிறது.

பைண்டிங் அக்காமாரே, ஒரு வெற்றுத் தாளை மூன்று தடவை பாதி பாதியாக மடித்து, 1 முதல் 16 வரை எண் போட வைத்து, பிரித்துக் காட்டினீர்களே, அதை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன். ஒன்றுக்குப் பக்கத்தில் 16, நாலுக்குப் பக்கத்தில் 13, எட்டுக்குப் பக்கத்தில் 9. எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17. இப்படி மடித்த 16 பக்கக் கட்டான ஒரு ஃபாரத்தில் 8-ஆம் 9-ஆம் பக்கங்கள்தான் எதிரெதிராகவும் ஒரே தாளாகவும் அமைகிறவை, நூலும் அங்கேதான் போகும், இரண்டு பக்கத்துக்குப் பரவுகிற படம் அங்கே வந்தால் பிசகாது என்று சொன்னீர்கள். என் புத்தகத்தில் மூன்று ஃபாரம். அப்படியென்றால் 8-9, 24-25, 40-41. பனங்காட்டுப் படத்தை 24-25-க்குக் கொண்டுபோனேன். அதற்காக முன்னும் பின்னும் இருந்த கட்டுரைகளின் வரிசை மாறியது, மாறிய பிறகுதான் புத்தகத்துக்கே ஒரு ஓட்டம் வந்தது. தாளின் இழை புத்தக முதுகின் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் புத்தகம் விறைத்துக்கொண்டு நிற்கும் என்பதை இரண்டு துண்டுத் தாளை வளைத்துப் பார்க்கச் சொல்லி உணர்த்தினீர்கள். மத்தியானம் உங்கள் சோற்றில் எனக்கும் பங்கு வைத்தீர்கள். பசியோடு ஒரு நாளும் விட்டதில்லை.

கல்லூரியில் என்னை அனுப்பி வைத்த சாருக்கும் நன்றி. வகுப்பு போய்விடுமே என்று மற்றவர்கள் தயங்கியபோது, போய்ப் பழகி வா என்றவர் அவர் ஒருவர்தான். டிசைன் படிக்கிற எல்லாரும் கொஞ்ச நாளாவது அச்சகத்தில் நிற்க வேண்டும் என்பது என் எண்ணம். திரையில் புத்தகம் போலத் தெரிகிற ஒரு படத்தைக் காட்டி மதிப்பெண் வாங்கிவிட முடிகிறது. அதில் தாளும் இல்லை, மடிப்பும் இல்லை. இப்போதெல்லாம் புது வேலை வந்தால் ஃபைலைத் திறப்பதற்கு முன்பே எந்தத் தாள், என்ன அளவு, எப்படிக் கட்டப் போகிறோம் என்று கேட்டுவிடுகிறேன். எழுத்துருவும் நிறமும் அப்புறம்தான்.

உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பிரதி வைத்துப் பார்சல் அனுப்பியிருக்கிறேன். அண்ணாச்சி, எனக்கு அடுத்த வருஷத்து மாணவர்கள் சிலர் அங்கே வந்து பழக ஆசைப்படுகிறார்கள். சீசன் தொடங்குவதற்கு முன்னால், ஆனி மாதத்தில் அழைத்து வரலாமா? உங்களுக்குச் சரி என்றால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். கூடவே நானும் வருகிறேன்.

அன்புடன்,
உங்கள் பனைப் புத்தக மாணவி