நீ கொடுத்த போத்து

நாகமலை புதுக்கோட்டை
ஆடி 8

அன்புள்ள தேவகி,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடு. இங்கே எல்லோரும் சுகம். இவருக்கு முழங்கால் வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, காலையில் சமணர் மலை அடிவாரம் வரை நடந்துவிட்டு வருகிறார்.

கடைசி வரியில் "அந்தக் கீரை மரம் இன்னும் இருக்கா?" என்று கேட்டிருந்தாய். அந்த லச்சக்கொட்டைக் கீரை மரத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

1994-ல் செல்லூரில் உன் அம்மா வீட்டு மரத்திலிருந்து ஒரு முழ நீளத்துக்குப் போத்து வெட்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாயே, அது கிணற்றடியில் மாடி உயரத்துக்கு வளர்ந்து நின்றது. இந்தச் சித்திரையில், அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் சாயங்காலம் ஒரு காற்று மழை. பெரிய கிளை அடியோடு முறிந்து துணி துவைக்கிற கல்மேல் விழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்புறப்படுத்த ஆள் கிடைக்காமல் அப்படியே கிடந்தது. ஆனி பிறக்கும்போது பார்க்கிறேன், மண்ணில் பட்ட இடத்தில் வேர் விட்டு, மேலே வரிசையாக இளமஞ்சள் துளிர்!

பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். தாவரவியல் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். "இது அந்த மரத்தோட பழக்கம் பாட்டி, அதோட சொந்த ஊர்ல இப்படித்தான்" என்றாள். சொந்த ஊர் எது என்று கேட்டேன். அன்று ராத்திரி பத்து மணி வரை திண்ணையில் இந்தக் கதைதான்.

நாம் லச்சக்கொட்டை என்றும் நச்சுக்கொட்டை என்றும் சொல்கிற இந்தக் கீரைக்குத் தாவரவியலில் பிசோனியா கிராண்டிஸ் என்று பெயராம். இந்தியப் பெருங்கடலிலும் பசிபிக்கிலும் உள்ள சின்னச் சின்னப் பவளத் தீவுகள்தான் அதன் வீடு. அங்கே இலை கரும்பச்சையாக இருக்கும், 70, 80 அடி உயரத்துக்குக்கூட வளருமாம். நம் வீட்டில் இருப்பது அதிலிருந்து மனிதர்கள் பொறுக்கி எடுத்து வளர்த்த வெளிர் இலை வகை. கட்டை மிருது என்பதால் புயலில் சுலபமாக முறியும், முறிந்த கிளை விழுந்த இடத்தில் வேர் பிடிக்கும். தீவில் காடு பெருகுகிற வழிகளில் அதுவும் ஒன்று.

இன்னொரு வழியைக் கேட்டபோது மனசு என்னவோ செய்தது. கடற்பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும் தீவுகளில்தான் இந்த மரம் செழிக்கிறது. ஆஸ்திரேலியாவின் ஹெரான் தீவில் நோடி என்ற கறுப்புப் பறவை இதன் உதிர்ந்த இலைகளைத் தன் எச்சத்தால் ஒட்டி, இதன் கிளையிலேயே கூடு வைக்கிறது. எச்சம் மரத்துக்கு உரம். ஆனால் விதையில் ஒரு பிசின் உண்டு. இறகில் ஒட்டிக்கொண்டு தீவு விட்டுத் தீவு போக அதுதான் வழி. கொத்தாக ஒட்டிக்கொண்டால் பறவையால் பறக்க முடியாது, மரத்தடியிலேயே கிடந்து செத்துவிடும். செத்த பறவை நாற்றுக்கு உரமாகட்டும் என்று மரம் இப்படிச் செய்கிறதோ என்று செஷல்ஸ் பக்கம் ஒரு தீவில் ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். அப்படி ஒரு லாபமும் மரத்துக்கு இல்லை. உயிரோடு பறந்து போகிற பறவைதான் அதற்கு வேண்டும். சாகிறவை வீணாகத்தான் சாகின்றன.

இதைக் கேட்டதும் எனக்கு மூக்கிரட்டை ஞாபகம் வந்தது. வயலோரம் நடந்து வந்தால் சேலைக் கரையெல்லாம் அதன் காய் ஒட்டிக்கொண்டு வருமே! சொன்னதும் பேத்தி துள்ளினாள். இரண்டும் ஒரே குடும்பமாம். காகிதப்பூவும் அந்திமந்தாரையும்கூட அந்தக் குடும்பம்தான்.

தேவகி, நம் மரம் பூத்து நீ பார்த்திருக்கிறாயா? நான் முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பூவும் இல்லை, விதையும் இல்லை, கடற்பறவையும் இல்லை. அப்படியானால் உங்கள் அம்மாவுக்கு ஒருத்தர் கொடுத்து, அவருக்கு இன்னொருத்தர் கொடுத்து, கை மாறிக் கை மாறியே அது இங்கே வந்திருக்கிறது. உன் அம்மா பறித்த மரமும் நான் பறிக்கிற மரமும் ஒரே உயிர்தான் என்று நினைக்கும்போது, அவர் அந்தக் கீரையைப் பாசிப்பருப்புக் கூட்டு வைத்து நமக்குப் போட்ட மத்தியானங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன. இப்போதும் இளசாகப் பறித்து, நடு நரம்பை உரித்து, சின்ன வெங்காயத்தோடு பொடியாக நறுக்கி அடைமாவில் போடுகிறேன். இவர் நாலு அடை சாப்பிடுகிறார். "நச்சு" என்ற பெயரைக் கேட்டுப் பயந்த பக்கத்து வீட்டு மருமகள்கூட இப்போது வாரம் ஒரு தடவை பறித்துப் போகிறாள்.

பங்குனியில் மாவுப்பூச்சி வந்தது. கிளை முழுக்க எறும்பு வரிசை. எறும்பு அந்தப் பூச்சியைக் காவல் காக்கும் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல் கலந்து சாயங்காலத்தில் மூன்று தடவை அடித்த பிறகுதான் அடங்கியது. ஆஸ்திரேலியாவை ஒட்டிய பவளக்கடல் தீவுகளில் மாவுப்பூச்சிக்கு உறவான செதில் பூச்சியும் எறும்பும் சேர்ந்து ஒரு தீவின் பிசோனியா மரங்களையே அழித்திருக்கின்றன. பிறகு அந்தப் பூச்சியைத் தின்னும் பொறிவண்டுகளைக் கொண்டுபோய் விட்டார்களாம். நம் பக்கமும் மாவுப்பூச்சிக்கு அந்த வண்டை விடுகிறார்கள்.

சரி, முக்கியமான விஷயம். விழுந்த கிளையிலிருந்து உனக்கு மூன்று போத்து வெட்டி வைத்திருக்கிறேன். கட்டைவிரல் தடிமன், இரண்டடி நீளம். வந்ததும் நடாதே. ஒரு நாள் நிழலில் வைத்து வெட்டு வாயை உலர விடு. பிறகு அரையடி ஆழத்தில் நட்டு, மேல் நுனியில் முருங்கைக்கு வைப்பதுபோல் சாணி உருண்டை வை. தண்ணீர் அதிகம் ஊற்றினால் அழுகிவிடும், மண் ஈரமாக இருந்தால் போதும். வெயில் நன்றாக விழுகிற இடமாகப் பார். எங்கள் வேம்பு நிழலில் இருக்கிற கிளையில் இலை பச்சையாகிவிடுகிறது, வெயில் பட்ட பக்கம்தான் அந்த எலுமிச்சை நிறம். தூத்துக்குடி உப்புக்காற்றைப் பற்றி எழுதியிருந்தாய். தீவுக் கரையில், பவளச் சுண்ணாம்பு மண்ணில் நிற்கிற வம்சம் அது. உன் கொல்லையை அது ஒத்துக்கொள்ளும் என்றுதான் என் மனசு சொல்கிறது.

என் தங்கை மகன் வெள்ளிக்கிழமை வேலையாக உங்கள் ஊருக்கு வருகிறான். சாக்கில் சுற்றி அவனிடம் கொடுத்துவிடுகிறேன். பழைய பேருந்து நிலையத்துக்கு யாரையாவது அனுப்பு. வருகிறவன் காலையில் சாப்பிடாமல் வருவான், இரண்டு இட்லி வைத்துக் கொடு.

உன்,
சரசு