பாப்பாவுக்கு, உன் ஓபிஜி பற்றி

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய ஓபிஜி படத்தை, அதான் முழுத் தாடையையும் ஒரே படமாகக் காட்டும் பல் எக்ஸ்ரேயை, நேற்று ராத்திரி டூட்டி முடிந்ததும் எங்கள் ஸ்கேன் சென்டர் மானிட்டரில் போட்டுப் பார்த்தேன். போனில் சொன்னால் அம்மா நடுவில் வாங்கி அழ ஆரம்பித்துவிடுவாள், அதனால்தான் எழுதுகிறேன்.

வலது பக்கக் கீழ் ஞானப்பல் முன்னால் இருக்கும் கடைவாய்ப்பல்லின் மேல் சாய்ந்து படுத்திருக்கிறது. இரண்டு முறை ஈறு வீங்கிவிட்டது என்கிறாய். டாக்டர் எடுக்கச் சொன்னது சரிதான். ஆனால் என் கண் போனது வேருக்குக் கீழே. தாடை எலும்புக்குள் ஒரு குழாய் ஓடுகிறது. கீழ் உதட்டுக்கும் மோவாய்க்கும் உணர்ச்சி கொடுக்கும் நரம்பு அதற்குள்தான் போகிறது. எக்ஸ்ரேயில் நரம்பு தெரியாது, குழாயின் சுவர்தான் மேலும் கீழுமாக இரண்டு வெள்ளைக் கோடாகத் தெரியும். உன் படத்தில் வேர் வந்து விழும் இடத்தில் மேல்கோடு அறுந்திருக்கிறது. வேர் நுனியும் அங்கே கறுத்திருக்கிறது.

1990-இல் ரூட், ஷெஹாப் என்ற இருவர் இப்படிப்பட்ட ஏழு அடையாளங்களை வைத்து ஆராய்ந்தார்கள். வேர் கறுத்திருப்பது, வெள்ளைக் கோடு அறுந்திருப்பது, குழாய் வழி மாறி வளைவது, இந்த மூன்றுக்கும்தான் நரம்புக் காயத்தோடு நெருங்கிய தொடர்பு இருந்தது. உனக்கு இதில் இரண்டு இருக்கிறது. பயப்படாதே. அடையாளம் இருக்கிற பலருக்கும் ஒன்றும் ஆவதில்லை. அடையாளமே இல்லையென்றால் ஏறக்குறைய நிம்மதியாக இருக்கலாம், அவ்வளவுதான் இந்தப் படம் சொல்லும்.

ஏனென்றால் ஓபிஜி தட்டையான படம். வெயிலில் இரண்டு தென்னையின் நிழல் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால் மரங்கள் உரசிக்கொண்டு நிற்கின்றன என்று அர்த்தமா? குழாய் வேருக்குக் கன்னப் பக்கம் போகிறதா, நாக்குப் பக்கமா, இரண்டு வேருக்கும் நடுவிலா என்பது சிபிசிடி என்ற முப்பரிமாண ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும். அதற்குக் கதிர்வீச்சு ஓபிஜியைவிட அதிகம். எல்லாருக்கும் அதை எழுதிக் கொடுப்பது எனக்குப் பிடிக்காது. அதை எடுத்ததாலேயே காயம் குறையும் என்று ஆய்வுகளும் உறுதியாகக் காட்டவில்லை. ஆனால் எந்தப் பக்கம் எலும்பைக் குடைவது, பல்லை எப்படி வெட்டுவது என்று டாக்டர் முன்கூட்டியே யோசிக்கலாம். உனக்கு எடுக்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. நாக்குக்கு உணர்ச்சி கொடுக்கும் நரம்பு தனி, அது இந்த இரண்டு படத்திலும் தெரியாது.

என் கதை உனக்கு முழுசாகத் தெரியாது. 1996-இல் எனக்கு எடுத்தபோது இருந்தது ஒரு சின்ன ஃபிலிம்தான், அதில் வேர் நுனியே பாதி வெட்டுப்பட்டிருந்தது. மரப்பு ஊசியின் வேகம் இறங்கிய பிறகும் உதட்டில் உணர்ச்சி திரும்பி வரவில்லை. காபி மோவாயில் வழிவது சட்டையில் சொட்டும்வரை தெரியாது. சின்ன வயசில் நான் சவரம் செய்யும்போது “அப்பா, ரத்தம்!” என்று நீ கத்துவாயே, அதற்குக் காரணம் இதுதான். எட்டு மாதத்தில் பெரும்பாலும் சரியாகிவிட்டது, நாலணா அளவுக்கு ஓரிடம் மட்டும் இன்றும் மரத்தே இருக்கிறது. வாய் கோணவில்லை. கோணாது, முகத்தை அசைக்கும் நரம்பு வேறு. எடுத்த டாக்டர் கைதேர்ந்தவர். “இப்படி ஆகலாம்” என்று முன்னாலேயே ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான் என் வருத்தம்.

அதனால் நீயே கேள். “நரம்பு வேருக்கு எந்தப் பக்கம் இருக்கிறது டாக்டர்?” ஒட்டியிருக்கிறது என்றால், பல்லின் தலையை மட்டும் வெட்டியெடுத்து வேரை அப்படியே விட்டுவிடும் முறை உண்டு, கொரொனெக்டமி என்பார்கள். வேரில் சீழோ ஆட்டமோ இருந்தால் அது ஆகாது. உனக்கு ஒத்துவருமா என்று அவர்தான் சொல்லவேண்டும். நான் படம் எடுக்கிறவன், டாக்டர் இல்லை.

சிபிசிடி எடுத்தால் பேப்பர் பிரிண்டோடு வந்துவிடாதே, சிடி கேட்டு வாங்கிக்கொள். அப்புறம், தோட்டையும் செயினையும் ரூமிலேயே கழற்றி வைத்துவிட்டுப் போ. போன மாதம் இங்கே ஒரு அம்மா கழற்றி வைத்த மூக்குத்தியைத் தேடி நாங்கள் நாலு பேர் தரையில் தவழ்ந்தோம்.

அப்பா